நாற்பத்தேழாம் நம்பர் கேரியர்

6

காலை பதினொன்றே கால். சித்திரக்குளத்துக்குப் பின்னால், சுப்புலக்ஷ்மி மெஸ்ஸின் முன்னறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், அழுது முடித்த ஒரு பெண்.

பெண்ணின் பெயர் ஜோதிலட்சுமி. அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்பவள். இன்று மதியம் ஒரு மணிவரை.

"ஒரு மணிக்கு அப்புறம்?" என்று கேட்டாள் ஜலஜா.

"ஊட்டாண்ட போவச் சொல்லிட்டாங்கக்கா."

ஜலஜா துப்பறிபவள். தேனாம்பேட்டை சிக்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அலுவலகம். அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு நூலகத்தில் புத்தகப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். தொலைந்த புத்தகங்களைத் தேடிப் பழகியவள் தொலைந்த மனிதர்களைத் தேடக் கிளம்பியது தற்செயல் இல்லை. மனிதர்கள் கொஞ்சம் சுலபம்.

தௌஃபீக் அவளுடைய உதவியாளன். ஸ்கூட்டரும் வாயும் அவனுடையவை. ஜோதிலட்சுமியும் அவனும் அடையாற்றங்கரையில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். இப்போது அவள் பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். காலையில் அவனுக்குத்தான் முதலில் ஃபோன் செய்தாள்.

சுப்புலக்ஷ்மி கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"நீங்க துப்பறியறவாளா? மெஸ்ஸுக்கா?"

"மாமி, கொலை நடந்தாத்தான் வரணும்னு இல்ல," என்றான் தௌஃபீக். "பாயசத்துக்கும் வருவோம்."

"அதே பாயசம்தான் என் மானத்தை வாங்கறது." நாற்காலியில் உட்கார்ந்தாள். "நூத்து முப்பத்தொன்பது கேரியர் போறது. எல்லாம் வயசானவா. ஒருத்தருக்கு உப்பு ஆகாது, ஒருத்தருக்கு சர்க்கரை ஆகாது. லேபிள்ல என்ன இருக்கோ அதைத்தான் முனியம்மா கட்டுவா. வாயால சொன்னா எடுத்துக்க மாட்டா. எங்காத்துக்காரர் போட்ட சட்டம். அவர் போய் ஒரு வருஷம் ஆச்சு. சட்டம் இருக்கு."

"ஜோதி சொன்ன நாற்பத்தேழாம் நம்பர்?" என்று கேட்டாள் ஜலஜா.

"சுந்தரராமன். அவர் பொண்ணு வர்ஷினி அடையார்ல இருக்கா. போன சனிக்கு முந்தின சனிக்கிழமை ஃபோன் பண்ணினா. அப்பாவுக்கு சுகர், இனிமே சர்க்கரை இல்லாத சாப்பாடுன்னா. திங்கட்கிழமை இவகிட்ட சொன்னேன். பதினோரு நாளா அவருக்குப் பாயசம் போயிண்டிருக்கு."

"நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை சக்கரைப் பொங்கல்," என்றாள் ஜோதிலட்சுமி. உண்மையை மறைக்கத் தெரியாதவள்.

"சுகர் முந்நூத்தறுபதாம். ஒரு மணிக்கு அப்பாவையும் அழைச்சிண்டு இங்க வரா. அப்பவும் இந்தப் பொண்ணு இந்த நாற்காலியில இருந்தா, நூத்து முப்பத்தொன்பது ஆத்துக்கும் ஃபோன் போட்டுச் சொல்லுவேன்ங்கறா. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் மாத்தினேன் மாமி. நாலு தபா மாத்தினேன். அது எடுத்துக்க மாட்டேங்குது."

"யாரு?"

"மிசினு."

"காட்டு," என்றாள் ஜலஜா.

ஜோதிலட்சுமி காட்டினாள். திரையில் ஒரு பட்டியல். வரிசை எண், பெயர், தெரு, டோர் நம்பர், உணவு. நாற்பத்தேழாவது வரியில் உணவு என்ற கட்டத்தில் 'சாதா' என்று இருந்தது. அவள் அதைச் 'சர்க்கரை இல்லாதது' என்று மாற்றினாள். என்டர் தட்டினாள்.

ஒரு சின்னப் பெட்டி எழுந்தது.

*தயவுசெய்து பழைய கதவு எண்ணை நேரில் சென்று சரிபார்க்கவும்.*

"கதவு எண்ணாம்!" என்றான் தௌஃபீக். "எந்த ஊரு மிசினு இது? நம்ப ஊர்ல டோர் நம்பர்னு கேட்டாத்தான் வாட்ச்மேனே திரும்பிப் பாப்பான்."

"அப்புறம் என்ன செய்வே?" என்று கேட்டாள் ஜலஜா.

"டோர் நம்பரத் திரும்ப அடிப்பேன். அப்பவும் இதான் சொல்லும். கட்டத்த வுட்டு நகரவே வுடாது. கடைசில எஸ்கேப் அமுக்குவேன். பழையபடி சாதா ஆயிடும்." மூக்கை உறிஞ்சினாள். "டோர் நம்பர் தப்புன்னு சொல்லுது மாமின்னு சொன்னேன். சரி பண்ணுன்னாங்க. ரெண்டு தபா அந்த வூட்டு வாசலுக்கே போய்ப் பாத்துக்கினு வந்தேன். பன்னண்டுதான் போட்டுக்கீது."

"மெக்கானிக்?"

"ஒருத்தர் வந்தாரு. ஃபார்மேட் பண்ணணும்னாரு."

"அவனுங்க தலைவலிக்கே ஃபார்மேட் பண்ணணும்னுதான் சொல்வானுங்க," என்றான் தௌஃபீக்.

ஜலஜா பெட்டியை இன்னொரு முறை படித்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க மேடம்?"

"நேரில் சென்று சரிபார்க்க. இவ்வளவு மரியாதையா சொல்லுதே."

*

இரண்டு தெரு தாண்டினால் அந்த வீடு. இரும்புக் கேட், கேட்டில் கேரியர் மாட்ட ஒரு கொக்கி. சுவரில் இரண்டு தகடுகள். மேலே பழையது: 12. கீழே புதியது: 27.

தௌஃபீக் எதிர்ப்பக்கம் திரும்பினான். எதிர் வீட்டுச் சுவரிலும் இரண்டு தகடுகள். பழையது 5. புதியது 12.

அவன் முகம் மலர்ந்தது.

"முடிஞ்சுது மேடம். கேஸ் குளோஸ். இங்க பழைய பன்னண்டு, அங்க புது பன்னண்டு. மிசினு குழம்பிடுச்சு. இவருக்குப் போவ வேண்டிய பத்தியச் சாப்பாடு பதினோரு நாளா எதிர் வூட்டுக்குப் போவுது. அங்க எவனோ ஒருத்தன், நல்லாத் தின்னுக்கினு இருந்தவன், பாவக்கா தின்னே செத்துக்கினு இருப்பான்."

"போய்க் கேளு."

போனான். எதிர் வீட்டு வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழவில்லை. இந்த வீட்டுக்குக் கேரியரே வருவதில்லை, மேலே இருக்கிற ஷாகிரா டீச்சர் தானே சமைக்கிறார், வேண்டுமானால் பிரியாணி வாசனை வரும், பொறுத்திருந்து பார் என்றான்.

தௌஃபீக் திரும்பி வந்தான். முகம் மலர்ந்த அடையாளமே இல்லை.

"குளோஸ் பண்ண கேஸ திரும்பத் தொறந்துக்கிறேன்."

அப்போது இந்தப்பக்கக் கேட் திறந்தது. எழுபது வயதுக்காரர். வேட்டி, பனியன். பனியன் கழுத்தில் மூன்று பேனாக்கள் செருகியிருந்தார். சட்டைப்பை இல்லாத நேரத்திலும் பேனாவை விட மனமில்லாதவர்.

"பழைய கதவு எண்தானே பார்க்கறேள்?" என்றார். "பன்னிரண்டு. புதுசு இருபத்தேழு. மெஸ்லேர்ந்துதானே?"

"ஆமா சார்," என்றாள் ஜலஜா.

"நேர்ல வந்து சரிபார்த்துட்டேள். அதான் முறை." சந்தோஷமாகத் தலையாட்டினார். "இந்த ஊர்ல எல்லாத் தப்புக்கும் இதான் காரணம். கார்ப்பரேஷன் புது எண் குடுத்தான். ஜனங்க பழசை விடலை. தபால்காரன் ஒண்ணுக்குப் போவான், கூரியர்காரன் இன்னொண்ணுக்குப் போவான். மெஸ்ஸை நான் குத்தம் சொல்லவே மாட்டேன். அங்க இருக்கற பொண்ணு மேலயும் தப்பில்லை. குழப்பம் ஊரோட குழப்பம்."

"உங்க சுகர் முந்நூத்தறுபதாமே சார்?"

"அவா குடுக்கறதைத்தானே நான் சாப்பிட முடியும்?" என்றார் சுந்தரராமன். கைகளை விரித்தார். விரித்த கையில் ஒரு முந்திரிப்பருப்புத் துண்டு ஒட்டியிருந்தது. பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

"பொண்ணு வந்துடுவா. சட்டை போட்டுக்கணும்," என்று உள்ளே போனார்.

தௌஃபீக் ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

"நல்ல மனுசன் மேடம். நெத்தியில வேர்வ கூட இல்ல. நாம புடிக்கிற ஆளுங்க பாதிப் பேரு இவுரு மாதிரி இருந்தா நமக்கு வேல ஏது?"

"இல்லாமப் போயிடும்," என்றாள் ஜலஜா.

*

பதினொன்று ஐம்பது. மெஸ் வாசலில் கேரியர்கள் வண்டியேறிக்கொண்டிருந்தன. ஜலஜா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

"நாற்பத்தாறு யாரு?"

"ஒரு வாத்தியாரம்மா," என்றாள் ஜோதிலட்சுமி.

ஜலஜா நாற்பத்தாறாம் வரியின் உணவை மாற்றினாள். பெட்டி எழவில்லை. மாற்றம் பதிந்தது. பழையபடி திருத்திவிட்டு நாற்பத்தெட்டுக்குப் போனாள். அதுவும் பதிந்தது.

"நாற்பத்தேழு மட்டும்தான் முரண்டு பிடிக்குது," என்றாள். "இப்ப நான் ஒரு தப்பு பண்றேன். பாரு."

நாற்பத்தெட்டாம் வரியில் பெயரை அழித்து வெறுமையாக விட்டாள். என்டர். ஒரு பெட்டி எழுந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரி. அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றது.

எஸ்கேப் தட்டினாள். அடுத்தபடி நாற்பத்தெட்டின் தெருவையும் நம்பரையும் நாற்பத்தேழுக்கு இருப்பது போலவே அடித்தாள். மறுபடி பெட்டி. ஆங்கிலத்தில் ஐந்து வரி. ஒரே முகவரியை இரண்டு முறை ஏற்றக்கூடாது என்பதற்கு இண்டெக்ஸ், பிரைமரி கீ, டூப்ளிகேட் என்று முறைத்தது.

"என்ன தெரியுது?"

"இங்கிலீஷ் தெரிஞ்சவன்தான் இந்த ஊர்ல பொழைக்க முடியும்னு தெரியுது," என்றான் தௌஃபீக்.

"மெஷினுக்குக் கோபம் வந்தா இங்கிலீஷ்ல வருது. சுத்தி வளைச்சுப் பேசுது. மரியாதை கிடையாது. நாற்பத்தேழுல மட்டும் தமிழ்ல பேசுது. அதுவும் 'தயவுசெய்து'. கடைசியில ஒரு முற்றுப்புள்ளி. மெஷின் தயவு கேட்குமா?"

ஜோதிலட்சுமி அழுகையை மறந்து நிமிர்ந்தாள்.

"ஆளு எழுதினதா அக்கா?"

"ஆள் எழுதினது. இன்னொண்ணும் பாரு. நீ மாத்தினது உணவை. அது கேட்கறது நம்பரை. தப்பு இங்க இருக்கு, அது நம்மளைத் தெருவுக்கு அனுப்புது. கம்ப்யூட்டர்லேர்ந்து எவ்வளவு தூரம் அனுப்ப முடியுமோ அவ்வளவு தூரம்."

ஜலஜா பட்டியலை மூடி, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். யாரும் எட்டிப் பார்க்காத இடம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுதலாம், எவ்வளவு நீளம், எது கட்டாயம் என்ற விதிகள் அங்கேதான் இருக்கும். ஓரத்தில் டேபிள், அதாவது அந்தப் பட்டியல், முழுமைக்குமான விதிக்கு ஒரு வரி. அந்த விதியை மீறினால் காட்ட வேண்டிய வாசகத்துக்கு அதன் கீழே இன்னொரு வரி.

வாசகம் அவர்களுக்குத் தெரிந்ததுதான். பழைய கதவு எண், நேரில் சென்று.

விதியை ஜலஜா வாய்விட்டுப் படித்தாள்.

"வரிசை எண் நாற்பத்தேழா இருக்கக்கூடாது. அல்லது, உணவு சாதாவா இருக்கணும்."

"அப்டின்னா?"

"நாற்பத்தேழு சாதாவைத்தான் சாப்பிடணும். மத்த நூத்து முப்பத்தெட்டு பேரும் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம்."

தௌஃபீக் மெதுவாக உட்கார்ந்தான். அவன் முகத்தில் பெரிய வழக்கு ஒன்றின் வெளிச்சம் விழுந்தது.

"மேடம். இது கொலை முயற்சி. ஆயுதம் சேமியா பாயசம். தடயமே இருக்காது, கழுவி வெச்சிடுவாங்க. யாரு பண்ணிருப்பாங்க? வர்ஷினி! மயிலாப்பூர்ல வூடு. இன்னிக்கு இன்னா வெல தெரியுமா?"

"வர்ஷினிதானே சர்க்கரையை நிறுத்தச் சொன்னா?"

"அதான் மேடம் மூளை. நிறுத்தச் சொல்லிக்கினே—"

"தௌஃபீக்."

"சரி. வேற யாரு?"

ஜலஜா சமையலறைப் பக்கம் திரும்பினாள். "மாமி, இந்தக் கம்ப்யூட்டரை யார் ஏற்பாடு பண்ணிக் குடுத்தது?"

"எங்காத்துக்காரரோட வாக்கிங் சினேகிதர் யாரோ. சும்மாவே பண்ணிக்குடுத்தாராம். நான் பார்த்ததில்லை. அடுப்பை விட்டு வெளியில வந்தாத்தானே பார்க்க?"

"வர்ஷினி ஃபோன் பண்ணின மறுநாள் ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு யாராவது வந்தாங்களா?"

"நான் கோயிலுக்குப் போயிருந்தேன்."

"எனக்கு லீவு," என்றாள் ஜோதிலட்சுமி.

லேபிள் பார்த்துக் கேரியர் கட்டும் முனியம்மாள் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஒரு பெர்சு வந்துச்சுக்கா. செத்துப்போன ஐயாவோட சினேகிதராம். கம்பூட்டருக்குத் தூசு தட்டணும்னாரு. நான் சோறு வடிச்சிக்கினு இருந்தேன், முதுகதான் பாத்தேன். அரமணி நேரம் தட்டினாரு. அவ்ளோ தூசு எங்க கீதுன்னு நானும் யோசிச்சேன்."

ஜலஜா சிரித்தாள். அன்று முதல் தடவையாக.

"தௌஃபீக், காலையில அந்த மெசேஜைப் பார்த்ததும் நீ என்ன சொன்னே?"

"நான் நெறைய சொல்வேன் மேடம்."

"இந்த ஊர்ல கதவு எண்ணுன்னு யாரும் சொல்ல மாட்டாங்கன்னே. அதுக்கப்புறம் ஒருத்தர் சொன்னார். நாம வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே."

தௌஃபீக் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சுவத்துல ரெண்டு நம்பர் இருக்கு," என்றாள் ஜலஜா. "நாம பழைய நம்பரைப் பார்க்கத்தான் வந்தோம்னு அவருக்கு யார் சொன்னா?"

"அய்யோ. அந்த நல்ல மனுசனா?"

"நல்ல மனுஷர்தான். ஆனா நிரூபிக்கணும். இது அவர் எழுதினதுன்னு இதுல கையெழுத்து இல்ல. முனியம்மா பார்த்தது முதுகை. பொண்ணு முன்னாடி அவர் இல்லேன்னு சொல்லிட்டா, ஒரு மணிக்கு ஜோதி வீட்டுக்குப் போகணும்."

"மனசாட்சியத் தொட்டுப் பேசிப் பாக்கலாம் மேடம்."

"மனசாட்சி மெதுவா வேலை செய்யும். நமக்கு நேரம் இல்ல." கடிகாரத்தைப் பார்த்தாள். "கர்வம்னா உடனே. உனக்கு ஒரு வேலை இருக்கு. கொஞ்ச நேரம் நீ பெரிய கம்ப்யூட்டர் நிபுணர்."

"எவ்ளோ பெரிய நிபுணர்?"

"எல்லாத்தையும் குறை சொல்ற அளவுக்கு."

"அது இப்பவே தெரியுமே," என்றான் தௌஃபீக்.

*

ஒரு மணிக்கு மூன்று நிமிடம் முன்னதாகவே கார் வந்தது. வர்ஷினி முதலில் இறங்கினாள். கையில் ரத்தப் பரிசோதனைக் காகிதம். பின்னால் சுந்தரராமன். இப்போது சட்டை போட்டிருந்தார். பேனாக்கள் பைக்கு மாறியிருந்தன.

"நாற்பத்தேழா? வாங்கோ, வாங்கோ," என்றாள் சுப்புலக்ஷ்மி. பத்து வருட வாடிக்கையாளரை அவள் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

வர்ஷினி நாற்காலியில் இருந்த ஜோதிலட்சுமியைப் பார்த்தாள்.

"இவங்கதானா? மாமி, நான் தெளிவா சொல்லியிருந்தேன்."

சுந்தரராமன் நின்ற இடத்தில் நின்றார். "என்ன சொன்னே?"

"இவங்க இங்க வேலையில இருக்கக்கூடாதுன்னு சொன்னேன்ப்பா. நீ சும்மா இரு."

"வேலையை விட்டா? எதுக்கு? கதவு எண் குழப்பம்னு நான் உன்கிட்ட—"

"அப்பா. ப்ளீஸ்."

அவர் கைக்குட்டையை எடுத்தார். நெற்றியைத் துடைத்தார். காலையில் இல்லாத வேர்வை இப்போது இருந்தது. ஜலஜா அதைக் குறித்துக்கொண்டாள். தௌஃபீக்குக்குக் கண் காட்டினாள்.

தௌஃபீக் ஜோதிலட்சுமியை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

"மேடம், இந்தப் பொண்ண எதுக்குத் திட்டறீங்க? டேபிளே தப்பு. எவனோ அரைகுறை பண்ணிவெச்சுக்கீறான். பாருங்க, டோர் நம்பருக்கு ஒரே கட்டம். பழசுக்கு ஒண்ணு, புதுசுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வெக்கணும். அதுகூடத் தெரியல. இந்த ஊர்க்காரனே இல்ல."

"ஒரு கட்டம் போதும்," என்றார் சுந்தரராமன் மெதுவாக. "மயிலாப்பூர்ல யார் புது எண்ணைச் சொல்றா?"

"சார் உக்காருங்க. இதெல்லாம் டெக்னிக்கல்." சுந்தரராமன் உட்கார்ந்தார். தௌஃபீக் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "பேருக்கு அம்பது எழுத்து இடம். எதுக்கு அம்பது? தண்டம்."

"அம்பது இல்லேன்னா வெங்கடசுப்பிரமணியன்னு அப்பா பேரோட எப்படி எழுதறதாம்?"

"அப்பா, உனக்கு எதுக்கு இது?"

"இதெல்லாம் கூடப் போவட்டும்," என்றான் தௌஃபீக். "ரூல் ஒண்ணு போட்டுக்கிறான் பாருங்க. காமெடி. நாப்பத்தேழா இருக்கக்கூடாது, அல்லது சாதாவா இருக்கணும். இது எங்கனா வேல செய்யுமா? நாளிக்கு நூத்து முப்பத்தொம்பது பேருக்கும் சாதாவ ஆக்கிடும். நேத்துப் பொறந்த புள்ள கூட இப்டி எழுதாது."

"ஆக்காது!" சுந்தரராமன் எழுந்துவிட்டார். "எப்படி ஆக்கும்? நாற்பத்தேழு இல்லேன்னா முதல் பாதியிலேயே அது சரியாயிடறது. ரெண்டாம் பாதியைப் பார்க்கவே பார்க்காது. மூணு தரம் சோதிச்சுப் பார்த்துட்டுத்தானே நான்—"

நிறுத்தினார்.

வர்ஷினி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நான்?" என்றாள் வர்ஷினி.

முனியம்மாள் சமையலறை வாசலுக்கு வந்தாள். கையில் சோற்றுக் கரண்டி. சுந்தரராமன் அவளைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐயே!" என்றாள் முனியம்மாள். "இந்த முதுகுதான்!"

சுந்தரராமன் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேனாக்களைச் சரிசெய்தார்.

"முப்பத்தொரு வருஷம்," என்றார். "ஆபீஸ்ல எல்லா டேபிளுக்கும் நான்தான் விதி போடுவேன். ரிட்டயர் ஆனேன். இப்போ எல்லாரும் எனக்கு விதி போடறா. டாக்டர் ஒண்ணு. இவ ஒண்ணு. காபியில சர்க்கரை கிடையாது, தீபாவளிக்கு லட்டு கிடையாது. உலகத்துல என் பேச்சைக் கேட்கற டேபிள் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அதுல ஒரு வரி எழுதினேன்."

"மரியாதையா எழுதியிருந்தீங்க," என்றாள் ஜலஜா.

"யார் மேலயும் பழி விழக்கூடாதுன்னுதான் கதவு எண் மேல போட்டேன். கார்ப்பரேஷன் தாங்கும்."

"ஆனா பழி பெரும்பாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்ற பொண்ணு மேல விழுந்துது சார். நீங்க சாப்பிட்ட பாயசத்துல இவ வேலை கரைஞ்சுக்கிட்டிருந்தது."

அவர் ஜோதிலட்சுமியைப் பார்த்தார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. சொல்லியிருந்தா நானே அந்த வரியை எடுத்திருப்பேன். மன்னிச்சுக்கோ."

"பரவால்ல சார்," என்றாள் ஜோதிலட்சுமி. பிறகு யோசித்தாள். "பரவால்லன்னு இல்ல சார். ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல."

வர்ஷினி கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் கேட்டாள். ஜோதிலட்சுமியிடம் ஒரு தடவை, சுப்புலக்ஷ்மியிடம் ஒரு தடவை. அப்பாவிடம் வேறு மாதிரி பேசினாள்.

"உன் ஃபோன்ல இருக்கற ஸ்வீட் கடை நம்பரெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கறேன்."

"அதெல்லாம் உறவுக்காரா நம்பர்," என்றார் சுந்தரராமன்.

ஜலஜா நாற்காலியை விட்டு எழும்படி தௌஃபீக்குக்குச் சைகை காட்டினாள். ஜோதிலட்சுமி உட்கார்ந்தாள். அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். ஒருமுறை பார்த்தது அவளுக்குப் போதுமாக இருந்தது. விதியை அழித்தாள். வாசகத்தை அழித்தாள். சேமித்தாள். நாற்பத்தேழாம் வரிக்குப் போய் உணவை மாற்றினாள். என்டர்.

எந்தப் பெட்டியும் எழவில்லை.

"நாளைக்கும் எட்டு மணிக்கு வந்துடு," என்றாள் சுப்புலக்ஷ்மி. "இன்னிக்கு நாற்பத்தேழாம் கேரியரை வண்டியில ஏத்த வேண்டாம்னு நிறுத்திவச்சேன். அந்தப் பாயசத்தை என்ன பண்றது?"

"தடயம் மாமி," என்றான் தௌஃபீக். "நாங்க கைப்பத்திக்கறோம்."

*

சனிக்கிழமை காலை. தேனாம்பேட்டை. ஜலஜாவின் ஃபோன் அடித்தது.

"அக்கா, ஜோதி பேசறேன். புதுசா ஒரு கஸ்டமர் சேந்துக்கீறாரு. நூத்தி நாப்பது."

"சந்தோஷம்."

"இப்பத்தான் ஃபோன் பண்ணாரு. பேரு ராமனாம். வாயில கர்ச்சீப் வெச்சிக்கினு பேசற மாதிரி ஒரு கொரலு. சாதா வேணும், ஸ்வீட்டு கண்டிப்பா வேணும்னாரு. அதே தெருதான்க்கா."

"டோர் நம்பர்?"

"இருபத்தேழு."

ஜலஜா கண்ணை மூடினாள். கேட் பக்கத்துச் சுவரில் இரண்டு தகடுகள் தெரிந்தன. மேலே ஒன்று. கீழே ஒன்று.

"மெஷின் எடுத்துக்கிச்சா?"

"சத்தமில்லாம எடுத்துக்கிச்சு. நாப்பத்தேழு பன்னண்டுல கீறாரு, இவுரு இருபத்தேழுல கீறாரு. ரெண்டும் ஒரே வூடுன்னு அதுக்கு இன்னா தெரியும்?"

ஃபோனில் காதை ஒட்டிக்கொண்டிருந்த தௌஃபீக் மேஜையைத் தட்டினான்.

"ரெண்டு கட்டம் வெக்கணும்னு அன்னிக்கே சொன்னேன்! ஒருத்தரும் மதிக்கல!"

"நீ என்ன பண்ணினே ஜோதி?" என்றாள் ஜலஜா.

"இன்னியிலேர்ந்தே வரும் சார்னு சொன்னேன். ரொம்ப சந்தோசப்பட்டாரு. ஃபோன வெச்சதும் சாதாவ மாத்தி, சர்க்கரை இல்லாததுன்னு போட்டேன். பன்னண்டு மணிக்கு ரெண்டு கேரியர் போவும்க்கா. இன்னிக்கு மாமி பாவக்கா பிட்லை பண்றாங்க. ரெண்டுலயும் அதான்."

"அவர் வேற ஏதாவது விதி எழுத வந்தா?"

"வர மாட்டாரு. லேபிள்ல நானே ஒண்ணு எழுதிக்கிறேன்."

"என்னன்னு?"

ஜோதிலட்சுமி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"தயவுசெய்து மீதம் வைக்காமல் சாப்பிடவும். கடைசில புள்ளி வெச்சிக்கிறேன்க்கா."